ஸ்டார் வார்ஸ் பொம்மை சேர்ப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிக் கதைத் தொடர்களின் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தப் பொழுதுபோக்கை மதித்து ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால், இன்று வாங்கிப் போட்டால் பத்து வருடத்தில் பல மடங்கு விலை போகும் என்ற தொனியில் கட்டுரை முடிந்தது உறுத்துகிறது. கூடவே போட்டிருந்த படத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. அலமாரிக்கு நேர் எதிரே திரையில்லாத சன்னல். வெயில் தட்டுகள் மேலேயே விழுகிறது. மேல் தட்டில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கவச ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாய்களில் சன்னல் பக்கம் நிற்பவர்களுக்குக் கையும் காலும் பழுப்பேறிவிட்டன. சுவரோரம் நிற்பவர்கள் மட்டும் இன்னும் வெள்ளை.

பிளாஸ்டிக் கெட்டுப்போகும் பொருள். மதுரை வெயிலில் இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும். தங்கம் மாதிரி வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு மறந்துவிட முடியாது. விலை, முதலீடு பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். சேர்க்க ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கும், வாங்கித் தரும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம். ஸ்டார் வார்ஸை வைத்தே பேசினாலும் மற்ற விண்வெளித் தொடர்களின் பொம்மைகளுக்கும் பெரும்பாலும் இதே விதிதான்.

முதலில் ஒரு திருத்தம். ஒரு படத்தின் கீழ் '1977-ல் வாங்கிய அசல் பொம்மை' என்று போட்டிருந்தீர்கள். முதல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் அமெரிக்காவில் வெளியானது 1977 மே மாதம். பொம்மை உரிமையை வைத்திருந்த கென்னர் நிறுவனத்தால் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் ஒரு உருவப் பொம்மையைக்கூடக் கடைக்கு அனுப்ப முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு அட்டை உறையை விற்றார்கள். உள்ளே பொம்மைகளை நிறுத்திவைக்க ஓர் அட்டை மேடையும் ஒரு சீட்டும் இருக்கும். சீட்டைத் தபாலில் அனுப்பினால் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு கதாபாத்திரங்களின் பொம்மைகள் 1978-ல் வீடு வந்து சேரும். அந்த ஆண்டு மொத்தம் 12 உருவங்கள் வந்தன. காலின் பின்பக்கம் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977' என்று பொறித்திருப்பது பதிப்புரிமை ஆண்டு. அப்போது கென்னரை வைத்திருந்த ஜெனரல் மில்ஸ் குழுமத்தின் பொம்மைப் பிரிவைக் குறிக்கும் முதலெழுத்துகள் அவை. அதே ஆண்டு பொறித்த உருவங்களையே அடுத்து வந்த வருடங்களிலும் வார்த்து விற்றார்கள். ஆகவே 1977 என்ற எண்ணைக் காட்டி யாராவது கூடுதல் விலை கேட்டால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கென்னரின் முதல் வரிசை 1985-ல் நின்றுபோனது. நிறுவனம் டோங்கா என்ற இன்னொரு பொம்மை நிறுவனத்திடம் போய், 1991-ல் டோங்காவோடு சேர்ந்து ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1995-ல் பொம்மைகள் மறுபடி வந்தன. புஜமும் தோளும் பயில்வான் கணக்காக உப்பியிருக்கும் அந்தக் காலத்து லூக்கைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிசையை ஏராளமாக வார்த்தார்கள். வாங்கியவர்களும் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எனவே 'தொண்ணூறுகளின் அரிய சரக்கு' என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். இன்றைய 6 அங்குல பிளாக் சீரிஸ் என்ற வரிசை 2013-ல் தொடங்கியது.

அளவைத் தீர்மானித்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். 3¾ அங்குலம், அதாவது சுமார் 9.5 செ.மீ., கென்னர் பிரபலமாக்கிய அளவு. இவ்வளவு சிறிதாக இருந்ததால்தான் அந்த உருவங்கள் ஏறி உட்காரும் விண்கலங்களையும் வீட்டுக்குள் அடங்கும் அளவில் செய்ய முடிந்தது. 6 அங்குலம் என்றால் 15 செ.மீ.; முகச்சாயலும் மூட்டுகளும் நன்றாக இருக்கும், ஆனால் அதற்குப் பொருத்தமான கலம் வாங்கினால் வைக்கத் தனி மேசை வேண்டும். 30 செ.மீ. உருவங்கள் துணி உடுப்போடு வருபவை, விலையும் வேறு உலகம். 80 செ.மீ. நீளத் தட்டில் 6 அங்குலப் பொம்மை ஆளுக்கு 10 செ.மீ. வீதம் ஒரு வரிசைக்கு எட்டு நிற்கும்; 3¾ அங்குலம் என்றால் பதின்மூன்று. தட்டுகளுக்கு இடையே உயரம் முன்னதற்கு 23 செ.மீ.க்குக் குறையக் கூடாது, கையைத் தூக்கி வாளை ஓங்க வேண்டுமே. பின்னதற்கு 15 செ.மீ. போதும். மூன்று அளவையும் கலந்து வாங்குகிறவர்கள் இரண்டே வருடத்தில் இடமில்லாமல் அட்டைப் பெட்டிகளைப் பரணில் ஏற்றுவார்கள். நாசம் அங்கேதான் தொடங்குகிறது.

பரண் என்பது கான்கிரீட் தளத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கும் இடம். மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால் மாடி வீட்டின் பரண் அதைவிடக் கொதிக்கும், ராத்திரியும் ஆறாது. அங்கே பொம்மைக்கு என்ன ஆகிறது என்று புரிய, அது எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான உருவங்களில் இரண்டு வகைப் பிளாஸ்டிக் இருக்கும். மார்பு, கவசம், கலத்தின் உடல் போன்ற விறைப்பான பாகங்கள் ஏபிஎஸ். தலை, கை, மேலங்கி, வாள் போன்ற வளையும் பாகங்கள் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதியியலாக ஒட்டிக்கொள்வதில்லை, சும்மா உள்ளே தங்கியிருக்கிறது. சூட்டில் மெல்ல மேலே கசிந்து வரும். பிரித்துப் பார்த்தால் பொம்மை பிசுபிசுவென்று கையில் ஒட்டும். தூசி முழுவதும் அதில் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

பிசுபிசுப்புக்கு வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பழைய மென்மையான பல் துலக்கி, ஐந்து நிமிடம். பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், ஏனென்றால் மூட்டுக்குள் தண்ணீர் தங்கினால், உள்ளே இரும்பு ஊசி இருக்கும் பொம்மையில் அது துருப்பிடிக்கும். துணி உடுப்பு, காகித ஸ்டிக்கர், பேட்டரி இருந்தால் முக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைப்பவர்கள் உண்டு. பளிச்சென்று ஆகும், ஆனால் சாயமும் சேர்ந்து வரும். அடிக்கடி துடைத்தால் எண்ணெய் மேலும் வெளியேறி பிவிசி விறைத்துப்போய் ஒருநாள் வெடிக்கும். மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு நீக்கி இவை மூன்றும் பொம்மை இருக்கும் அறைக்குள்ளேயே வர வேண்டாம். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

கசிந்த பொம்மையைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டுவது அடுத்த தவறு. எண்ணெய் வெளியேற வழியில்லாமல் பொம்மை மேலேயே படியும். பிவிசி மேலங்கி ஏபிஎஸ் முதுகில் அழுந்திக் கிடந்தால் அந்த இடத்தில் ஏபிஎஸ் இளகித் தடம் விழும். நீண்ட நாள் எடுத்துவைப்பதென்றால் மேலங்கியைக் கழற்றி, அமிலமில்லாத வெள்ளைத் தாளில் தனியாகச் சுற்றி வையுங்கள். பை வேண்டும் என்றால் பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பை. ஒரு மூலையைத் திறந்து விடலாம். செய்தித்தாளில் சுற்றவே வேண்டாம். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்: தங்கள் இதழின் மை வெள்ளைக் கவசத்தில் ஏறினால் அப்புறம் தலைப்புச் செய்தியைப் பொம்மை முதுகில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

சூட்டில் வரும் இன்னொரு கோளாறு வளைவு. 6 அங்குலப் பொம்மை ஒரு கோடை முழுக்க நின்றால் கணுக்காலும் முழங்காலும் மெல்ல இளகிச் சாயும். ஒன்று விழும்போது பக்கத்தில் இருப்பதையும் தள்ளிக்கொண்டு விழும். வளைந்த பிவிசி காலையும் வாளையும் நிமிர்த்தலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்; 75 முதல் 80 டிகிரி இருந்தால் போதும். வளைந்த பாகத்தை மட்டும் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, விரலால் நேராக்கிப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் முக்கி அரை நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். ஐஸ் தண்ணீர் இல்லாமல் விட்டுவிட்டால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். ஏபிஎஸ் பாகத்துக்கு இது செல்லாது. அது வளையாது, வெளுத்து விரிசல் விடும். புதுப் பொம்மையில் மூட்டு அசையாமல் இறுகியிருந்தால் பெரும்பாலும் சாயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் இதே வெந்நீர்தான். முறுக்கினால் உள்ளே இருக்கும் சொருகி திருகிக்கொண்டு ஒடிந்துவிடும், அதை ஒட்டவைத்தாலும் மூட்டு வேலை செய்யாது.

தளர்ந்த மூட்டுக்கு அதன் குழிக்குள் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, கழற்றியபடியே ஓர் இரவு காயவைத்து மறுநாள் மாட்டலாம். பிடிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் உரித்து எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் நல்ல குணம். ஃபெவிக்விக் மாதிரிச் சூப்பர் க்ளூவை மூட்டுக்குள் விடுவது சூதாட்டம். அதன் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து சுற்றியுள்ள கறுப்பு, கண்ணாடி நிறப் பாகங்கள் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். டார்த் வேடர் தலைக்கவசத்தில் அந்தப் படலம் வந்தால் விபூதி பூசியவர் மாதிரிதான் இருப்பார்.

இனி பழுப்பு. வெள்ளை ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர் கூறு புறஊதாக் கதிராலும் ஆக்சிஜனாலும் நிறம் மாறுகிறது. நேர் வெயில்தான் வேண்டும் என்பதில்லை. வெளிச்சமான சன்னலுக்கு எதிரே இருந்தாலே போதும். சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், அல்லது கண்ணாடியில் புறஊதாவைத் தடுக்கும் பிலிம் ஒட்டுங்கள். அலமாரியைச் சன்னல் இருக்கும் அதே சுவரில் வைத்தால் செலவே இல்லை. உள்ளே விளக்கு வேண்டும் என்றால் எல்இடி பட்டையைக் கண்ணாடிக்கு வெளியே மேல் விளிம்பில் ஒட்டி, அதன் அடாப்டரையும் வெளியே விடுங்கள். மூடிய பெட்டிக்குள் அடாப்டர் இருந்தால் அது ஒரு சிறிய அடுப்பு.

ஏற்கெனவே பழுத்ததை ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெளுக்கலாம். மருந்துக் கடையில் கிடைப்பது 6 சதவீதம், புட்டியில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். அழகு நிலையங்களுக்குச் சரக்கு விற்கும் கடைகளில் முடிச்சாயத்தோடு சேர்க்கும் கிரீம் 40 வால்யூம், அதாவது 12 சதவீதத்தில் கிடைக்கும். ஸ்டிக்கர், உலோகம், மின்பாகம் அனைத்தையும் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கிரீமைச் சமமாகப் பூசிச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை திருப்பி, கிரீமைத் தடவிப் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் காய்ந்தால் அங்கே மட்டும் மேகம் மேகமாக வெளுத்து நிற்கும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. பெராக்சைடு வேலை செய்யக் கதிர் தேவை, சூடு அதிகம் தேவையில்லை. ஆகவே நம் ஊரில் மார்கழி, தை மாதக் காலை வெயில்தான் சரி. சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தரையில் வைத்தால் நிறம் திரும்பும், வடிவம் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரம் போதும். கறுப்பு, சிவப்பு அச்சு இருக்கும் பாகத்தில் செய்யாதீர்கள், அதுவும் வெளுக்கும். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இப்படி வெளுத்தது இருட்டில் வைத்தாலும் சில வருடத்தில் மறுபடி பழுக்கலாம். பழைய கென்னர் பொம்மையில் இதைச் செய்யாமல் பழுப்போடே வைத்திருப்பதுதான் எங்கள் கட்சி. செய்துவிட்டு விற்கும்போது சொல்லாமல் மறைப்பது மோசடி.

பெட்டி பிரிக்காமல் சேர்ப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்தான் சோதனை. அட்டை ஈரத்தை உறிஞ்சி அலையலையாக நெளியும். பொம்மையை மூடியிருக்கும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குமிழான பிளிஸ்டரை அட்டையில் ஒட்டிய பசை விட்டுப்போகும். இராமபாணப் பூச்சி அட்டையையும் பசையையும் அரித்து வைக்கும். சிறிய ஈரப்பத மானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். 40 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேலே போனால் நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல்லை ஒரு துணிப்பையில் போட்டு வைக்கலாம். ஈரம் குடித்து நிறம் மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தெடுத்தால் மீண்டும் பயன்படும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். புதிதாகத் தச்சரிடம் செய்து வாங்கிய பிளைவுட் அலமாரி என்றால் வார்னிஷ், பசை நெடி முழுவதும் போகும்வரை, குறைந்தது ஒரு மாதம், கதவைத் திறந்தே போடுங்கள்.

பூச்சிக்காகப் பாச்சை உருண்டை போடுவது நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை. பொம்மை அலமாரியில் அது கூடவே கூடாது. நாப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை, குறிப்பாக பாலிஸ்டைரீனை இளக்கும்; சாயம் பிசுபிசுக்கும். நவராத்திரிக்குக் கொலுப் பூங்காவில் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை நிறுத்துகிற வீடுகள் இப்போது உண்டு. விளாச்சேரி மண் பொம்மைக்குப் பக்கத்தில் யோடாவைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் இரண்டடி தள்ளி வையுங்கள், எண்ணெய்ப் புகை படிந்தால் உடனே கழுவுங்கள். மண் பொம்மைக்கு ஆகாத தண்ணீர் இதற்கு ஆகும், பிளாஸ்டிக்குக்கு ஆகாத வெயில் அதற்கு ஆகும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எடுத்துவைக்காதீர்கள், மண் பொம்மையின் தூள் பிளாஸ்டிக்கைக் கீறும்.

லெகோ செட் சேர்ப்பவர்களுக்கும் கொஞ்சம். லெகோவின் ஸ்டார் வார்ஸ் வரிசை 1999-ல் வந்தது. 2017-ல் வந்த பெரிய மில்லேனியம் ஃபால்கன் விண்கலம், எண் 75192, 7,541 துண்டுகள். இந்த அளவுச் செட்டைப் பழையதாக வாங்கும்போது 'முழுசாக இருக்கிறது' என்ற வார்த்தையை நம்பி வாங்கக் கூடாது. செய்முறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் துண்டுகளின் பட்டியல் இருக்கும். புத்தகம் இல்லை என்றால் லெகோ நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் மனித உருவங்களை எண்ணுங்கள், அடுத்து கண்ணாடி நிறத் துண்டுகளையும் அச்சிட்ட துண்டுகளையும் எண்ணுங்கள். விலை இவற்றில்தான் இருக்கிறது. சாம்பல் நிறச் சாதாரணத் துண்டு பத்து இல்லாவிட்டால் பிறகு தேடி வாங்கலாம். பெரும்பாலான துண்டுகளில் அச்சு எண் பொறித்திருக்கும், உதாரணமாக 2க்கு 4 செங்கல் 3001. அந்த எண்ணையும் நிறத்தையும் வைத்து பிரிக்லிங்க் போன்ற இணையச் சந்தையில் தனித் துண்டாகவே வாங்க முடியும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டது. பழையது சற்று மஞ்சள் கலந்தது, புதியது நீலம் கலந்தது. 1999-ல் வந்த எக்ஸ்-விங் விண்கலச் செட்டுக்குப் புதுச் சாம்பலைப் போட்டால் ஒட்டுப்போட்ட வேட்டி போலத் தெரியும்.

செம்பழுப்பு, அடர்சிவப்புத் துண்டுகள் சில வருடங்களில் வார்த்தவை நொறுங்கும் குணம் உடையவை. கழற்றும்போது பிஸ்கட் மாதிரி விண்டு போகும். வாங்கியவர் மேல் பழி இல்லை, அந்தக் காலத்துக் கலவை அப்படி. பழைய செட்டைப் பிரிக்கும்போது இந்த நிறங்களில் கத்தி, பல் வைக்காமல், பிரிப்பதற்கென்றே வரும் நெம்பியைப் பயன்படுத்துங்கள். கழுவும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று லெகோ நிறுவனமே சொல்கிறது. மே மாதம் மதியம் நம் மாடித் தொட்டித் தண்ணீர் அதைத் தாண்டியிருக்கும், குழாயைத் திறந்து நேராகக் கொட்டிவிடாதீர்கள். அதிகாலைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

வாங்கும் இடம். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய சாமான் கடைகளிலும் எப்போதாவது நல்லது சிக்கும்; அங்கே பெரும்பாலும் வருவது ஸ்டார் வார்ஸ் அல்ல, ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மைகள். எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் இங்கேயே வார்த்து விற்ற பொம்மைகள் அவை. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத விசித்திர நிறங்களில் வந்ததால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள். பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். இரண்டாகப் பிய்ந்து கிடந்தாலும் உடைந்தது என்று நினைக்க வேண்டாம். இடுப்பையும் மார்பையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் உள் ரப்பர் வளையம் இற்றுப்போயிருக்கும், அவ்வளவுதான். முதுகில் உள்ள ஒற்றைத் திருகைச் சிறிய நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, பழைய வளையத்தை அல்லது அதன் துண்டை மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் காட்டினால் அதே தடிமனில் ஓ-ரிங் தருவார்கள், சில்லறைக் காசுதான். திருப்பி மாட்டும்போது திருகை முழுசாக இறுக்காதீர்கள். இந்தப் பொம்மைகளில் முதலில் ஒடிவது கட்டைவிரலும் கவட்டியும். துப்பாக்கியைக் கையில் திணிக்கும் முன் விரலை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வையுங்கள்.

சித்திரைப் பொருட்காட்சிக் கடைகளில் தொங்கும் 'விண்வெளி வீரர்' பாக்கெட்டுகள் பிள்ளைகள் உடைத்து விளையாட ஏற்றவை என்று பார்த்தால் அதிலும் தயக்கம் இருக்கிறது. பிரித்ததும் மூக்கில் ஏறும் தின்னர் நெடி, வார்ப்பு விளிம்பில் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிலும்பு, கண்ணுக்கு வெளியே வழிந்த சாயம், ஆயுதத்தைப் பிடிக்காத கை, பதிப்புரிமை வாசகம் எங்கேயும் பொறிக்காமை, இவற்றில் இரண்டு இருந்தாலே போலி. 1.1.2021 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, மின்சாரத்திலும் பேட்டரியிலும் இயங்குவதற்கு ஐஎஸ் 15644. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்தின் உரிமம் என்று வந்துவிடும். முத்திரையை அச்சிடுவது எளிது, எண்ணைப் பொருத்துவதுதான் கஷ்டம். ஆகவே எண்ணைப் பார்க்காமல் முத்திரையை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் உயர்ந்தது. தனியாள் பார்சலுக்குக் கணக்கு வேறு, ஆனால் எந்தக் கணக்கானாலும் பொருளின் விலையோடு அனுப்புகூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. பொம்மை மலிவு, கூலி அதிகம் என்ற பார்சலில் கூலிக்கும் வரி கட்டுகிறீர்கள். 'பரிசு' என்று எழுதச் சொல்லி அனுப்பச் சொன்னால் வரி வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த வழி 2019 டிசம்பரோடு அடைபட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு. பில்லைக் குறைத்துப் போடச் சொல்வது இன்னும் மோசம். பார்சல் வழியில் காணாமல்போனால் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் நஷ்டஈடு கேட்க முடியும்.

கடைசியாக, சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு. பறந்து தாக்கும் ராக்கெட்டோடு ஒரு போபா ஃபெட் பொம்மையை 1979-ல் கென்னர் விளம்பரம் செய்தது. வேறொரு விண்வெளித் தொடரின் பொம்மையிலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்ததும் அதைக் கைவிட்டு, ராக்கெட்டை உடம்போடு ஒட்டியே அனுப்பினார்கள். இன்றைய விதிப்படி 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் உதிரியை மூன்று வயதுக்குக் கீழான குழந்தையின் பொம்மையில் வைக்கக் கூடாது. 3¾ அங்குலப் பொம்மையின் துப்பாக்கி அந்தக் குழாய்க்குள் பத்துப் பதினைந்து அடங்கும். ஆயுதங்களைத் தனி டப்பியில் போட்டு உயரத்தில் வையுங்கள், தட்டில் கிடக்க விடாதீர்கள்.

பேட்டரியைக் காட்சிக்கு வைக்கும் பொம்மையில் விட்டுவைக்கவே கூடாது. கசிந்துவிட்டால், அல்கலைன் செல்லின் வெள்ளைப் பொருக்கை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைக்கலாம். சாதா செல்லின் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். இரண்டுக்கும் பிறகு ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்து உலர்த்துங்கள். ஒளிரும் வாள், பேசும் தலைக்கவசம் போன்றவை சிலவற்றில் இருப்பது பொத்தான் செல். மூடியில் திருகு இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்க ஆரம்பிக்கும், செல் பழையதாக இருந்தாலும் சரி. வாந்தி எடுக்கவைக்காமல், மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காமல், சந்தேகம் வந்த உடனே எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதே வகைச் செல் இன்னொன்றோ பொம்மையின் பெட்டியோ கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டக் கூடவே எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
பொம்மை சேர்க்கும் வாசகர்கள்,
எல்லீஸ் நகர், மதுரை.